வகுப்பறைக்கு அடியில் பார்க்க ஓர் ஆங்கிள் ஃபைண்டர்

8 ஜூலை 1985, திங்கள்

இரண்டாம் பீரியட். இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் மூன்றாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். லீலாவதி எழுந்து நின்றாள், ஓர் மூன்று மூன்று என்று ஆரம்பித்தாள், அப்படியே ஒரு கால் தொடை வரைக்கும் தரைக்குள்ளே போய்விட்டது. பலகை உடைந்த சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கவில்லை. உளுத்த பலகைக்கு என்ன சத்தம்.

நானும் பள்ளித் தோட்டக்காரர் செல்லனும் தூக்கினோம். முழங்காலிலிருந்து கணுக்கால் வரை தோல் உரிந்திருந்தது. கிளினிக்கில் மருந்து வைத்துக் கட்டினார்கள். அவள் அழவில்லை. "நான் குதிக்கல டீச்சர்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். குதித்தாய் என்று யார் சொன்னது?

மதியம்தான் தெரிந்தது. எஸ்டேட் ஆபீசின் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி தங்கராஜு கிளினிக்கிற்கே வந்து விசாரித்து எழுதிக்கொண்டு போயிருக்கிறார்: "பிள்ளை துள்ளி விளையாடியதால் பலகை உடைந்தது." ஏழு வயசுப் பிள்ளை. இருபது கிலோ இருப்பாளா?

10 ஜூலை, புதன்

உடைந்த இடத்தில் புதுப் பலகை ஒன்றை அடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அவ்வளவுதான், ரிப்பேர் முடிந்தது.

செல்லன் கட்டடத்துக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். எங்கள் பள்ளிக்கூடம் குட்டைத் தூண்கள் மேல் நிற்கிறது. தரைக்கும் பலகைக்கும் நடுவே ஒன்றேகால் அடிகூட இருக்காது. "கறையான் தின்னு ரொம்ப நாளாச்சு டீச்சர். தூணுங்க பேருக்குத்தான் இருக்கு" என்றார்.

தலைமை ஆசிரியர் சிவானந்தம் சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஏற்கெனவே மூன்று கடிதம் எழுதியவர். "வாயால சொன்னா ஆபீஸ்ல எடுபடாதும்மா" என்றார். அப்படியானால் அவர்களே வந்து பார்க்கட்டும் என்றேன். "வரமாட்டாங்க" என்றார். மழை வராது என்று சொல்வதைப் போல அத்தனை சாதாரணமாக.

சரி. என்னிடம் கேமரா இருக்கிறது.

13 ஜூலை, சனி

கல்யாணமான வருஷம் வளையலுக்குப் பதில் கேட்டு வாங்கிய கேமரா. மாமியார் இன்னும் அதைச் சொல்லிக்காட்டுவார். இன்று அதை நம்பிப் போய் நான் பட்டபாடு.

கேமராவைத் தரையில் வைத்தால்தான் அடியில் இருப்பது தெரியும். கேமராவைத் தரையில் வைத்தால் அதன் பின்னால் என் கண்ணை எங்கே வைப்பது? குப்புறப் படுத்தேன். கன்னம் சேற்றில். மூக்குக் கண்ணாடி கேமராவில் இடிக்கிறது, கழற்றினால் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் குத்துமதிப்பாக வைத்து ஒரு ரோல் முழுக்கத் தட்டினேன். தொழிலாளர் லயத்து வீடுகளிலிருந்து இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும்.

17 ஜூலை, புதன்

கோலசிலாங்கூர் டவுனில் ஸ்டூடியோ வைத்திருக்கும் உமாபதி அண்ணன் படங்களைக் கழுவிக் கொடுத்தார். முப்பத்தாறில் முப்பது வெறும் புல். ஒன்றில் கோழி, அது மட்டும் தெளிவாக விழுந்திருக்கிறது. தேறிய இரண்டை எடுத்துக்கொண்டு தோட்டத்து ஆபீசுக்குப் போனேன்.

தங்கராஜு படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். வேண்டுமென்றேதான். "டீச்சர், கோச்சுக்காதீங்க லா. இது என்ன, கோழிக்கூடா?" டைப் அடிக்கிற பெண்ணும் சிரித்தாள். அவள் தம்பி நாலாம் ஆண்டில் படிக்கிறான், அதே கட்டடத்தில்.

திரும்பி வந்து உமாபதி அண்ணனிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்களுக்கு ஆங்கிள் ஃபைண்டர் வேணும்மா" என்றார். கேமராவில் கண் வைக்கிற இடத்தில் மாட்டுகிற சின்னக் குழாயாம், முழங்கை மாதிரி வளைந்திருக்குமாம். கேமரா தரையில் இருக்க, நாம் மேலிருந்து குனிந்து பார்த்தால் போதும், எதிரே இருப்பது தெரியும். தன்னிடம் இல்லை, கோலாலம்பூரில்தான் கிடைக்கும் என்றார்.

20 ஜூலை, சனி

என் வீட்டுக்காரர், இவரையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போனேன். போயிருக்கக் கூடாது. தனியாகவே போயிருக்க வேண்டும்.

கேட்டது நான். கேமராவை மேசை மேல் வைத்தது நான். கடைக்காரர் இவரைப் பார்த்து, "அபாங்குக்கு என்ன வேணும்?" என்கிறார், மலாயில் அண்ணா என்று மரியாதையாக. என்னுடைய கேமரா என்றேன். தலையாட்டிவிட்டு மறுபடியும் இவரிடமே, "எதை எடுக்கப் போறீங்க, பூவா, பூச்சியா?" இவரும் பதில் சொல்கிறார். ஃபிலிம் மாட்டத் தெரியாது இந்த மனுஷனுக்கு. "பூச்சிதான்" என்றார், கறையானை மனதில் வைத்து.

கண்ணாடி அலமாரியில் இரண்டு இருந்தன. ஒன்று சின்னது, ஒன்று தடிமனானது, அதில் திருகுவதற்கு வளையமெல்லாம் இருந்தது. அதை எடுங்கள் என்றேன். "அது தொழில் செய்றவங்களுக்கு. லேடிக்கு இது போதும்" என்று சின்னதை நீட்டினார். பெரியதை வெளியே எடுக்கக்கூட இல்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எரிந்து என்ன செய்தேன்? இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று சின்னதையே வாங்கிக்கொண்டு வந்தேன்.

பஸ்ஸில் இவரோடு பேசவில்லை. "ஏதோ பழக்கத்துல பதில் சொல்லிட்டேன் ரமணி" என்றார், ஈஜோக் தாண்டிய பிறகு.

21 ஜூலை, ஞாயிறு

இன்னும் பேசவில்லை.

27 ஜூலை, சனி

ஆனாலும் வேலை செய்கிறது. முட்டி போட்டுக் குனிந்து பார்த்தேன், அடியில் இருந்த முழு இருட்டும் என் கண்ணுக்குள் வந்தது. செல்லன் டார்ச் பிடித்தார். இரண்டு வரிசையாகத் தூண்கள். ஒவ்வொன்றாகப் பார்த்து, ஃப்ளாஷ் போட்டு எடுத்து, எந்த வரிசை, எத்தனையாவது தூண் என்று நோட்டில் குறித்தேன். மூக்குக் கண்ணாடியோடு பார்ப்பதால் ஓரங்கள் தெரியவில்லை. கேமராவை நகர்த்தினால் படம் நினைத்ததற்கு எதிர்ப்பக்கம் ஓடுகிறது, அதுவும் ஒரே தடுமாற்றம். பழகினால் சரியாகிவிடும்.

வலது வரிசை மூன்றாவது தூண், அடிப்பகுதியே இல்லை. கீழே சிமெண்டுக் கட்டை இருக்கிறது, மேலே தூண் இருக்கிறது, நடுவில் ஒரு சாண் வெறும் காற்று. தூண் கட்டடத்தைத் தாங்கவில்லை. கட்டடம்தான் தூணைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதற்கு மேல்தான் என் பிள்ளைகள் உட்காருகிறார்கள்.

2 ஆகஸ்ட், வெள்ளி

எழுதவே கை ஓடவில்லை.

படங்களையும் குறிப்பையும் ஆபீசில் கொடுத்து மூன்று நாள். இன்று தங்கராஜு தச்சரோடு வகுப்புக்கே வந்தார். பிள்ளைகள் முன்னால், சார் முன்னால். "எங்க காட்டுங்க டீச்சர், வலது வரிசை, மூணாவது." தச்சர் அந்த இடத்தில் பலகையைப் பெயர்த்தார். தூண் தெரிந்தது. சுத்தியலால் தட்டினார். டொக் டொக் என்று கல் மாதிரி சத்தம். அசையவே இல்லை.

"இது எங்க எடுத்த படம் டீச்சர்? வேற எஸ்டேட்டா?"

கண்ணால பாத்தேன், இந்தக் கண்ணால பாத்தேன். பக்கத்துத் தூணையும் தட்டிப் பாருங்கன்னு சொன்னேன். "ஒவ்வொண்ணா பேத்துக்கிட்டு இருந்தா கட்டடம்தான் மிஞ்சுமா?" என்று சிரித்துவிட்டுப் போயிட்டாங்க. சார் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் இருப்பது தோட்டத்து வீடு, எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு வார்த்தை.

பொய்க்காரியாகிவிட்டேன், முப்பது பிள்ளைகள் முன்னால்.

3 ஆகஸ்ட், சனி

உமாபதி அண்ணன் அந்தச் சின்னதைக் கேமராவில் மாட்டி, பத்திரிகையை எதிரே விரித்து, "படிங்க" என்றார். படிக்க முடியவில்லை. எழுத்தெல்லாம் இடம்வலமாகத் திரும்பி நின்றன.

உள்ளே இருப்பது ஒரே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடிதானாம். முகக் கண்ணாடியில் நம் வலது கை இடது கையாகத் தெரிவதைப் போல எல்லாம் மாறித் தெரியுமாம். படம் சரியாகத்தான் விழும். பார்க்கிற கண்தான் ஏமாறும். நான் வலது வரிசை என்று எழுதியது இடது வரிசை. இனி அதைப் போய்ச் சொன்னால் ஆபீசில் யார் நம்புவார்கள்?

"இதைக் கடையிலயே சொல்லியிருக்கணும்" என்றார் அண்ணன். சொல்லியிருப்பார்கள், அபாங் கேட்டிருந்தால்.

என் மேலும்தான் கோபம். படம் ஓடுகிற திசை மாறுகிறதே என்று எனக்கே தோன்றியது. பழகினால் சரியாகிவிடுமாம். யார் சொன்னது?

10 ஆகஸ்ட், சனி

தனியாகப் போனேன்.

அதே கடைக்காரர். வாசலைப் பார்த்தார், பின்னால் ஆண்பிள்ளை யாராவது வருகிறாரா என்று. இரண்டையும் வெளியே எடுங்கள் என்றேன். எடுக்கும் வரைக்கும் நகரவில்லை. முதலில் சின்னதை மாட்டி, எதிர்க்கடைப் பெயர்ப்பலகையைப் பார்த்தேன். எழுத்துகள் திரும்பி நின்றன. "பாருங்கள்" என்று அவரையே பார்க்க வைத்தேன். பிறகு பெரியது. எழுத்துகள் நேராக, வரிசையாக நின்றன. உள்ளே முகக் கண்ணாடி இல்லை, பட்டை தீட்டிய பிரிசம்.

கண் வைக்கிற இடத்தில் உள்ள வளையத்தைத் திருகினேன். என் மூக்குக் கண்ணாடி இல்லாமலே தெளிவாகத் தெரிந்தது. பக்கத்தில் ஒரு சின்னக் குமிழ். அதைத் திருப்பினால் நடுப்பகுதி மட்டும் இரண்டு மடங்கு பெரிதாகிறது. பலகையில் பெயிண்ட் உரிந்திருப்பது வரை தெரிந்தது. என் கேமராவின் கண் சதுரம், இதன் வாய் வட்டம். அதற்கு இணைப்புத் துண்டு வேண்டும் என்று உமாபதி அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தார். அதையும் கேட்டு வாங்கினேன். அப்போதுதான் கடைக்காரர் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துக் கேட்டார், "அக்கா என்ன படம் எடுக்கிறீங்க?"

"கட்டடத்துக்கு அடியில" என்றேன்.

சின்னதைத் திரும்ப எடுக்க முடியாது, பயன்படுத்தியது என்றார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், லேடிக்கு என்று யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன். பாதிச் சம்பளம் போய்விட்டது. இவர் ஒன்றும் கேட்கவில்லை.

11 ஆகஸ்ட், ஞாயிறு

காலை முழுவதும் எடுத்தோம். இந்தத் தடவை ஏமாற மாட்டேன். ஒவ்வொரு தூணுக்குப் பக்கத்திலும் கம்பால் தள்ளி ஒரு சிலேட்டு வைத்தோம், அதில் எண், பள்ளியின் பெயர், தேதி. பத்தொன்பது தூண். ஆறு தொங்குகின்றன.

12 ஆகஸ்ட், திங்கள்

கழுவி வருவதற்குக்கூடக் காத்திருக்கவில்லை. ஓய்வு நேரத்தில் சாரைக் கூப்பிட்டேன். கேமரா ஏற்கெனவே தரையில் இருந்தது. "சார், நீங்களே பாருங்க."

"எதுக்கும்மா, நீ சொன்னா சரிதான்" என்று நழுவப் பார்த்தார். நீங்கள் பார்க்கிற வரைக்கும் பெல் அடிக்க விடமாட்டேன் என்றேன். இருபது வருஷ சர்வீஸ் உள்ள தலைமை ஆசிரியரிடம் அப்படிப் பேசினேன்.

கைக்குட்டையை விரித்து முட்டி போட்டார். பார்த்தார். எழுந்திருக்கவில்லை. பலகைக்கு மேலே பிள்ளைகள் ஓடுகிற சத்தம். அந்த ஒவ்வொரு சத்தத்துக்கும் தூண் ஆடியிருக்கும், அவருக்குத் தெரிந்திருக்கும்.

"இதுக்கு மேலயா ரெண்டாம் ஆண்டு?"

"ஆமா சார்."

கைக்குட்டையைத் தரையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். கோபத்தில் எனக்கு அழுகை வந்தது. இவ்வளவு பார்த்தும் ஒன்றும் பேசாமல் போகிற மனுஷனை என்ன செய்வது?

13 ஆகஸ்ட், செவ்வாய்

காலையில் போனால் சாரும் செல்லனும் பெஞ்சுகளைச் சுமந்து தோட்டத்து மண்டபத்துக்குக் கொண்டுபோகிறார்கள். சாரின் வெள்ளைச் சட்டை முதுகெல்லாம் வியர்வை. என்னைப் பார்த்து, "கரும்பலகைய ஒரு பக்கம் பிடிம்மா" என்றார்.

மண்டபத்துக்கு யாரிடமும் அனுமதி கேட்கவில்லையாம்.

4 செப்டம்பர், புதன்

தோட்டத்தை நிர்வகிக்கிற துரை கூப்பிட்டார். சாரும் நானும் போனோம். மேசை மேல் படங்களை இணைத்து நாங்கள் அனுப்பிய கடிதம், சார் கையெழுத்தோடு. அதற்கு நகல்கள் கல்வி அலுவலகத்துக்கும் தோட்டத்தின் தலைமை ஆபீசுக்கும் போயிருந்தன. அதுதான் இந்த அழைப்பு.

தூணைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. "தோட்டத்துக்குள்ள படம் எடுக்க யார் பர்மிஷன் கொடுத்தது?" இதுதான் கேள்வி. ஒரு பிள்ளையின் கால் உள்ளே போனபோது யார் பர்மிஷன் கொடுத்தது என்று கேட்க வாயைத் திறந்தேன்.

"நான்தான் கொடுத்தேன்" என்றார் சார்.

பொய். சுத்தப் பொய். அதையே திரும்பவும் சொன்னார். தங்கராஜு சுவரோரமாக நின்று ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

20 செப்டம்பர், வெள்ளி

இன்ஜினியர் வந்தார். இளவயசு, மலாய்க்காரர். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, என் ஃபைண்டரைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு தூணாகப் பார்த்தார். ஏழு என்றார். நான் ஒன்றை விட்டிருக்கிறேன். போகும்போது கதவுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டச் சொல்லிவிட்டார். தூண், பலகை எல்லாம் மாற்றும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. லீலாவதி விழுந்த பிறகும் ஒரு மாதம் அதன் மேல் உட்காரவைத்துப் பாடம் நடத்தினேனே.

29 செப்டம்பர், ஞாயிறு

அசாம் ஜாவாவில் எங்கள் வீட்டு வாசலில் மோட்டார் சத்தம். தங்கராஜு. உள்ளே வரச் சொன்னார் இவர். வரவில்லை.

அவருடைய கிராணி வீடும் பள்ளிக்கூடம் கட்டிய அதே வருஷம், அதே ஆட்கள் கட்டியதாம். அதுவும் குட்டைத் தூண் மேல்தான். மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாளாம், குழந்தை பிறந்து இருபது நாள் ஆகிறதாம். குளிக்கிற அறைப் பக்கம் நடந்தால் அலமாரிப் பாத்திரம் ஆடுகிறதாம். "டீச்சர், அந்தக் கேமராக் கண்ணாடிய எடுத்துக்கிட்டு ஒரு நடை வந்து பாத்துச் சொல்றீங்களா?"

கோழிக்கூடு, வேற எஸ்டேட்டு, எல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. என்ன தைரியத்தில் வருகிறார் இந்த மனுஷன்? லீலாவதியின் காலில் தழும்பு இன்னும் மறையவில்லை. துரையிடம் சொல்லுங்கள் என்றேன். அவர் தலை குனிந்துகொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: இவரும் துரைக்குப் பயந்தவர், சொல்ல மாட்டார்.

போனேன். பச்சைப் பிள்ளைக்காகப் போனேன், அவருக்காக இல்லை. டார்ச்சை அவரே பிடித்தார், ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு மண்ணில் படுத்து. மேலே பலகைக்கு மறுபக்கம் குழந்தை அழுதது, யாரோ நடந்து நடந்து தேற்றினார்கள். குமிழைத் திருப்பிப் பெரிதாக்கிப் பார்த்தேன். எட்டுத் தூணில் மூன்று தொங்குகின்றன.

குளியலறைப் பக்கத்து அறையை இன்றைக்கே காலி செய்யுங்கள், மகளை முன்பக்கம் படுக்க வையுங்கள் என்றேன். செய்தார்கள்.

"ஆபீசுக்கு நான் எப்படி டீச்சர் எழுதறது? நானே ஆபீசு" என்றார். அவர் கையில் டார்ச் இன்னும் எரிந்துகொண்டிருந்தது, பட்டப்பகலில்.

படம் புதன்கிழமை வந்துவிடும், கடிதத்தை நான் எழுதித் தருகிறேன், கையெழுத்து உங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்றேன்.

டார்ச்சை அணைத்துவிட்டு உள்ளே போனார். சரி, புதன்கிழமை வரட்டும்.