தோளைத் தவிர மற்றெல்லாம் சுகம்

அமிர்தகழி,
ஆவணி மாதம்.

அன்பு மருமகள் கம்சாயினிக்கு மாமா எழுதுவது. என் வலது தோளைத் தவிர இங்கே எல்லாரும் சுகம், அங்கே உன் இரண்டு தோள்களும் சுகமாயிருக்க மாமாங்கேஸ்வரர் துணை நிற்கட்டும்.

போனில் நீ கை எப்படி மாமா என்று கேட்கும்போதெல்லாம் யானையைத் தூக்குவேன் என்று சொல்கிறேன், அது பொய், இந்தக் கடிதம்தான் மெய். வைகாசியில் தோணியால் இறங்கும்போது சறுக்கி விழுந்தேனே, வாவி பாதி கரையேறி மீனெல்லாம் றோட்டில் துடித்த அந்த விழுகை, அதில் எலும்பு முறியவில்லை, ஒரு கிழமை கட்டிவிட்டு மெல்ல அசையுங்கள் என்றுதான் ஆஸ்பத்திரியிலும் சொன்னார்கள், மெல்பேணிலிருந்து நீயும் சொன்னாய். ஆனால் உன் மாமி சின்னத்தங்கம், ஆடி அமாவாசைத் தீர்த்தத்தில்தான் கட்டை அவிழ்ப்பது என்று நேர்த்தி வைத்துவிட்டாள். சாமிக்கும் உனக்கும் வழக்கு வந்தால் உன் பக்கம் பேச இந்த வீட்டில் யார் இருக்கிறார்? தீர்த்தக்குளத்தில் முழுகி அவிழ்த்தோம். துணி மிதந்து போனது, கை மட்டும் கட்டினபடியே நெஞ்சோடு நின்றது.

பிறகு நீ வீடியோ அனுப்பினாய், சுவரில் விரல்களை நண்டு போல ஏறவிடச் சொன்னாய், நானும் ஏறவிட்டுப் படம் பிடித்து அனுப்ப, சூப்பர் மாமா என்று பெருவிரல் காட்டினாய். பிள்ளை, அதில் ஏறினது கை இல்லை. தோளைக் காதுவரை தூக்கி இடுப்பையும் வளைத்து உன்னை ஏய்த்தேன், நீயும் சந்தோசமாய் ஏமாந்தாய். இங்கே ஆஸ்பத்திரியில் ஷாகிரா என்று ஓர் ஏறாவூர்ப் பிள்ளை, கை கால் மூட்டுகளை அசைத்துக் குணமாக்கும் உன் வேலைதான் அவளுக்கும். முதல் நாளே உள்ளங்கையை என் தோள்மேல் அழுத்தி வைத்து, இப்போது உயர்த்துங்கள் என்றாள். என் வித்தையெல்லாம் அந்த உள்ளங்கைக்குக் கீழே செத்தது. "ஐயா, சுவர ஏமாத்தலாம், என்ட கைய ஏமாத்த ஏலா," என்றாள். பிறகு சூடு வைத்து, ஒரு கையால் தோள்பட்டையைப் பிடித்து, மற்றக் கையால் மூட்டைக் கொஞ்சங் கொஞ்சமாய்க் கீழே இழுத்து அசைத்தாள். நோவு எனக்குத் தெரியுமுன் அவள் விரலுக்குத் தெரியும், அங்கே நின்றுவிடுவாள். ஆனாலும் நான் கத்தின கத்தில் கல்லடிப் பாலம் இரண்டு சாண் நகர்ந்தது. வீட்டில் நீங்களும் அசைக்காவிட்டால் நான் இழுத்ததெல்லாம் வீண் என்று ஏசியும் விட்டாள். நெஞ்சில் ஒட்டியிருந்த கை தாடைவரை வந்தது. போன கிழமை அவளுக்கும் விசா வந்து கட்டாருக்குப் போய்விட்டாள். அந்த அறைக்கு இன்னும் ஆள் இல்லை.

குறை சொல்ல எழுதவில்லை என்று எழுதத்தான் இருந்தேன், குறை சொல்லவே எழுதுகிறேன். தாயில்லாத உன்னை இந்தத் தோளில் ஏற்றித்தான் திருவிழா காட்டினேன். இன்றைக்கு உன் கைகள் முன்பின் தெரியாதவர்களின் தோள்களைத் திறக்கின்றன, எனக்கு உன் பெருவிரல் படம் வருகிறது. வலை வீச என் கை இன்னும் ஒரு முழம் உயர வேண்டும். கூரையில் சும்மா தொங்கும் வீச்சுவலைக்குள் மாமி வெங்காயம் போட்டு வைத்திருக்கிறாள்.

குளிரில் தலை நனையாதே, நேரத்துக்குச் சாப்பிடு என்று மாமி சொல்லச் சொன்னாள். சுவரில் நண்டு நாளும் ஏறுகிறது, இனி ஏய்ப்பில்லை. உன் தலையில் கை வைத்து வாழ்த்தி முடிப்பதுதான் முறை. கை தாடைக்கு மேலே போகாது. நீ வந்து குனிந்தால் எட்டும்.

இப்படிக்கு,
வாவிக்கரையின் ஒற்றைக்கை மகாராசா,
உன் மாமா வினாயகமூர்த்தி