கதவுக்கு வெளியே

8 மார்ச் 1996, கோர்படி ராணுவ முகாம்

இன்ஸ்பெக்‌ஷன் முடியும்வரை லீவு பட்டியலைப் பாதியாக்கு என்றார் மேஜர். அவர் முதலில் அடித்ததே ஹவில்தார் முகமது ரஃபீக் பெயரை. ஆயுதக் கிடங்கு அவன் பொறுப்பில் இருக்கிறதாம். "அவன் தங்கச்சிக்கு நிக்காஹ், சாப்" என்று சொல்லிப் பார்த்தேன். திரும்பவும் சொன்னேன். முகம் சிவந்துவிட்டது அவருக்கு.

மேஜருக்கும் ஜவான்களுக்கும் நடுவே, ஹவில்தார் மேஜர் என்ற பெயரில் நான் செய்யும் உத்தியோகம் இதுதான். மேஜரின் அறைக்குள் அவரோடு எவ்வளவு வேண்டுமானாலும் மல்லுக்கட்டலாம். கதவைத் தாண்டினால் உத்தரவு என்னுடையது. 'சாப் சொன்னார்' என்று ஜவான்களிடம் கைகாட்டிவிட்டால் நாளைக்கு அவர் பேச்சை யார் மதிப்பார்கள்?

ரோல் காலில் பட்டியலை வாசித்தேன். ரஃபீக் பின்னாலேயே வந்தான்.

"யாருடா என் பேர வெட்னது?"

"நான்தான்."

"நிக்காஹ்னு தெரிஞ்சுமா?"

பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள் நாங்கள். பதினாறு வருடம்.

9 மார்ச்

தினமும் சேர்ந்து குடிக்கும் டீக்கு அவன் வரவில்லை.

17 மார்ச்

இன்று நிக்காஹ். அவன் ஊர் பேரணாம்பட்டில் இந்நேரம் பந்தி நடக்கும். இவன் இங்கே துப்பாக்கி எண்களைச் சரிபார்க்கிறான். வெட்டியது மேஜர் என்று போய்ச் சொல்லிவிட்டால்தான் என்ன? கிடங்கு வாசல்வரை போனேன். சொன்னால் எனக்கு நிம்மதி. அப்புறம் அவன் மேஜர் முகத்தில் எப்படி விழிப்பான்? திரும்பிவிட்டேன் — பயந்துதான் திரும்பினேனோ?

2 ஜூன்

ஊரிலிருந்து என் மனைவி கனகவல்லியின் கடிதம். 'ரஃபீக் அண்ணனப் பத்தி எழுதவே மாட்டேங்கிறீங்களே?' மழையைப் பற்றி ஒரு பக்கம் எழுதிப் போட்டேன்.

11 நவம்பர்

ஹோலி, தீபாவளி, ரம்ஜான் எல்லாம் அவனோடுதான். இந்தத் தீபாவளிக்கு யாருமில்லை. அழுகை வந்தது, எழுதி வைக்கிறேன்.

1 மே 1997

நாயிப் சுபேதார் ஆகிவிட்டேன். இனி எல்லோருக்கும் நான் 'சாப்'. சாப்பாடு, டீ எல்லாம் எங்கள் தர அதிகாரிகளுக்கான ஜே.சி.ஓ. மெஸ்ஸில்; ஹவில்தார்கள் அங்கே வர முடியாது. சீனியாரிட்டிப்படி என் பழைய வேலைக்கு ரஃபீக்.

20 ஜூன்

ஞாயிறு வெளியே போய்வரும் அவுட்பாஸ் ரத்து என்றார் மேஜர். நானும் அறையில் இருந்தேன். ரஃபீக் குரல் உயர்ந்து, பிறகு அடங்கியது. வெளியே வந்து கம்பெனி முன் நின்றான்.

"அவுட்பாஸ் கெடையாது. நிறுத்துனது நான்தான்."

பின்வரிசையில் யாரோ வைதான். ரஃபீக் நேரே என்னிடம் வந்தான்.

"அன்னிக்கு நீயும் உள்ள சண்ட போட்டியாடா, விசு?"

"போட்டேன்."

கண் கலங்கிவிட்டது அவனுக்கு. "டீ குடிக்கலாம் வாடா" என்றேன். கம்பெனி முழுக்க எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. ரஃபீக் குதிகாலைச் சேர்த்து விறைப்பாக நின்றான்.

"உங்க டீ மெஸ்ல இருக்கும், சாப்."

அவன் சொன்னது சரிதான். ஜவான்கள் முன்னால் நானாக இருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன். மெஸ்ஸுக்கு நடந்தேன்.