பச்சையாகத் தெரிந்தது

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலமா என்று கேட்கக்கூட மனசு கூசுகிறது. போனை எடுத்தால் பேச்சுக்கு முன்னால் அழுகை வந்துவிடுகிறது. காகிதத்தில் அழுதால் உனக்குக் கேட்காதே, அதனால் எழுதுகிறேன்.

நேற்று சிறையில் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன், உன் மாமாவை. நடுவில் கண்ணாடி, கையில் ஒரு போன். சட்டை தோளில் தொங்குகிறது. இத்தனை வருஷம் பஸ் ஓட்டிய மனுஷன், ஒரு நாய்க்குட்டியின் வாலில்கூட சக்கரத்தை ஏற்றியதில்லை. “அந்த டீச்சர் பொண்ணு கண்ணுக்குள்ளயே நிக்கறா. கையில நோட்டுக்கட்டு வச்சிருந்தா. எல்லாம் ரோட்டுல பறந்துச்சு” என்றார். அப்புறம், “நான் பச்சையிலதான் வந்தேன். மாப்ள இருந்தான் பாரு ஸ்டாப்புல, அது கடவுள் செஞ்சது. அவன் பொய் சொல்ல மாட்டான்” என்று உன்னைச் சொன்னார்.

நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ஏனென்றால் அதற்கு முன்பே வக்கீல் என்னிடம் சொல்லியிருந்தார். அந்தப் பெண் அடிபட்டு இறந்த அன்று போலீஸிடம் “சிக்னல் பச்சை” என்று சொன்ன நீ, போன வாரம் “என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை” என்று மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டாயாமே? மெய்தானா? யாராவது மிரட்டினார்களா? அந்தச் சந்திப்பில் கேமரா பழுது. பஸ்ஸில் இருந்தவர்கள் யாரும் சிக்னலைப் பார்க்கவில்லை. பார்த்தது நீயும் உன் பக்கத்தில் நின்ற மருந்துக்கடை அம்மாவும்தான். அவர் சிவப்பு என்கிறார். நீயும் இல்லையென்றால் எங்களுக்கு யாரடா?

வேளாவேளைக்குச் சாப்பிடு. உடனே பதில் போடு.

உன் அக்கா


பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

யாரும் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எதிர்த்து நின்றிருப்பேன்.

அன்றைக்கு நான் பார்த்தது பச்சை. விடுமுறைக்கு வந்தவன் மாமாவின் பஸ்ஸிலேயே வீட்டுக்கு வரலாம் என்று காத்திருந்தேன். பஸ் வருவதைப் பார்த்துக் கையைத் தூக்கினேன். பச்சை. பிறகு அந்தச் சத்தம். அப்புறம் மருந்துக்கடை அம்மா சிவப்பு என்று சொன்னது தெரிய வந்தது. எனக்குப் பக்கத்தில்தான் நின்றார். அதே தூரம், அதே வெளிச்சம். அவருக்கு மாமா மேல் பகை இல்லை, பொய் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. எனக்கோ ஓட்டி வந்தவர் என்னைத் தூக்கி வளர்த்த மாமா. இரண்டு பேரில் யார் கண்ணை நம்ப வேண்டும் என்று மூன்றாம் ஆள் ஒருவரைக் கேட்டால் என்னையா சொல்வார்?

நான் நடத்துவது தத்துவப் பாடம் என்று உனக்குத் தெரியும். பழைய கிரேக்கத்தில் ஐயவாதிகள் என்று ஒரு கூட்டம். ஒரு கட்சிக்கு எவ்வளவு நியாயம் இருக்கிறதோ எதிர்க்கட்சிக்கும் அவ்வளவு இருந்தால், தீர்ப்பை நிறுத்தி வை என்றார்கள். இன்றைக்கும் அதே சண்டைதான் நடக்கிறது. உனக்குச் சமமான அறிவும் கண்ணும் உள்ள ஒருவர் உன்னோடு முரண்பட்டால், நீ பிடித்த பிடியில் நிற்கலாமா, தளர வேண்டுமா? தளர வேண்டும் என்று வகுப்பில் வருஷக்கணக்காகச் சொல்லி வருகிறேன். கட்சிக்காரர்களும் மதக்காரர்களும் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறுவதற்கு இந்த ஒன்று தெரியாததே காரணம் என்று மேடையில் பேசியிருக்கிறேன். நம் வீடு என்று வந்ததும் மாற்றிப் பேசினால் நான் யார் அக்கா?

தூக்கம் இல்லை. உன்னைக் கைவிட்டேன் என்று மட்டும் நினைக்காதே.

உன் தம்பி


பிப்ரவரி 20

தம்பிக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை. கோபித்துக்கொள்ளாதே, கோபித்துக்கொண்டாலும் சரி.

வேலையில் நேற்று ஒரு கட்டுப் படுக்கை விரிப்பைத் தப்பாக வெட்டிவிட்டேன். சூப்பர்வைசர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். மிஷின் ஓடும்போது யாருக்கும் கேட்காது என்று வாய்விட்டு அழுகிறேன். திடீரென்று மிஷினை நிறுத்தினால் என் சத்தம் மட்டும் தனியாகக் கேட்கிறது.

கோர்ட்டில் அந்த டீச்சர் பெண்ணின் அம்மாவைப் பார்த்தேன். என் முன்னால் வந்து நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். “உங்க வீட்டுக்காரர் வேணும்னு பண்ணல, தெரியும். ஆனா என்ன நடந்துச்சுன்னு யாராவது சொல்லுங்களேன்” என்று கையைப் பிடித்துக்கொண்டார். நான் என்ன சொல்வேன்? சொல்ல வேண்டியவன் நியாயம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

வக்கீல் ஒன்று கேட்டார். மருந்துக்கடை அம்மா சிவப்பு என்றதும் நீ தளர்ந்தாய். நீ பச்சை என்றதைக் கேட்டு அவர் தளர்ந்தாரா? இல்லை. தராசில் ஒரு தட்டிலிருந்து மட்டும் கல்லை எடுத்துவிட்டு, பாருங்கள் நான் எந்தப் பக்கமும் சாயவில்லை என்றால் அதற்கு என்ன பெயர்?

உன் கிரேக்கத்துக்காரர்களில் ஒருவரைப் பற்றி ஒரு முறை சொன்னாய். எதிரே வண்டி வந்தாலும், வருகிறதா இல்லையா என்று தீர்மானிக்காமல் நடந்துகொண்டே இருப்பாராம். கூட வருகிற சிநேகிதர்கள்தான் இழுத்துக் காப்பாற்றுவார்களாம். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். பஸ்ஸில் ஏறுகிறவர்களிடம் எல்லாம் சொன்னார், “எம் மாப்ள படிச்ச படிப்பு அப்பேர்ப்பட்டது” என்று. இப்போது வண்டிக்கு அடியில் கிடப்பது நீ இல்லையடா. அவர்.

மாமா என்னிடம், “மாப்ள எப்ப வர்றான்?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். இனி மறைக்க முடியாது. அடுத்த முறை சொல்லிவிடுவேன்.

அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. எடுக்காததும் நியாயம்தான்.

தராசைப் பற்றி நீ எழுதியதைப் படித்துவிட்டு, மறுநாள் வகுப்பை விட்டுவிட்டு ரயில் ஏறினேன். உன் வீட்டுக்கு வரத் தைரியம் இல்லை. நேரே மருந்துக்கடைக்குப் போனேன். அந்த அம்மா இருமல் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார். கூட்டம் போகட்டும் என்று ஓரமாக நின்றேன்.

“நீங்க உறுதியா சிவப்புதான்னு பாத்தீங்களா?” என்று கேட்டேன்.

“தினமும் அதையேதாங்க நானும் என்னைக் கேட்டுக்கறேன்” என்றார். “நீங்க பச்சைன்னு சொன்னதா போலீஸ்காரர் சொன்னப்ப நான்தான் தப்பா பாத்துட்டேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. அப்புறம் நீங்களே அத வாபஸ் வாங்கிட்டீங்கன்னாங்க. சரி, அப்ப நாம பாத்ததுதான் சரின்னு மனச தேத்திக்கிட்டேன்.”

அக்கா, அவரும் தளர்ந்திருக்கிறார். நான் பின்வாங்கியதுதான் அவரை மறுபடி நிமிர்த்தியிருக்கிறது. நான் ஒதுங்கி நிற்கவில்லை. அவர் பக்கம் போய் நின்றிருக்கிறேன்.

“உங்களுக்குப் பச்சைன்னு தெரிஞ்சிருந்தா போய் சொல்லுங்க சார்” என்றார். “எனக்குத் தெரிஞ்சத நான் சொன்னேன். தீர்ப்பு சொல்லச் சொல்லி நம்மள யாரு கேட்டா?”

திரும்பி வரும்போது ரயிலில் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. தேன் உண்மையில் இனிப்பானதுதானா என்பதில்தான் அந்த ஐயவாதிகள் வாய் திறக்கவில்லை. எனக்கு இனிப்பாகத் தெரிகிறது என்பதை அவர்கள் ஒருநாளும் மறுக்கவில்லை. பசித்தால் சாப்பிட்டார்கள், கேட்டால் தெரிந்ததைச் சொன்னார்கள். இதை நான் வருஷாவருஷம் கரும்பலகையில் எழுதுகிறேன். கோர்ட்டு என்னிடம் கேட்டது அவ்வளவுதான். சிக்னல் என்னவாக இருந்தது என்பதை இல்லை, எனக்கு என்னவாகத் தெரிந்தது என்பதை.

பச்சையாகத் தெரிந்தது. அதைச் சொல்ல வருகிறேன். வக்கீலுக்கும் எழுதிவிட்டேன். மாமாவிடம் சொல், தைரியமாக இருக்கட்டும். அவரிடம் இன்னும் எதையும் சொல்லவில்லையே?

உன் தம்பி


மார்ச் 7

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. வக்கீலுக்கும் வந்ததாம். இரண்டும் ஒரே நாளில். அதற்கு முந்தின நாள் உன் மாமா குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார்.

நான் சொன்னதால்தான். நீ மாற்றி எழுதிக் கொடுத்ததைச் சொன்னேன். சத்தம் போடுவார், உன்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் போனை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றினார். அப்புறம், “மாப்ளைக்கே சந்தேகம்னா அதுல ஏதோ இருக்கும்” என்றார். “அவன் படிச்சவன். எம் மேல உசிரா இருக்கறவன். அப்படிப்பட்டவனுக்கே சொல்ல முடியலன்னா, நான் மட்டும் எப்படி அடிச்சு சொல்றது? நான்தான் தப்பா பாத்திருப்பேன்.”

அதற்கப்புறம் என்னைக் கேட்டார். “நீ என்ன நெனைக்கிற?”

தம்பி, நான் “பச்சைதாங்க” என்று சொல்லியிருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருக்க வேண்டும். ஆனால் உன் கடிதத்தை அத்தனை முறை படித்திருக்கிறேன். அந்த டீச்சர் பெண்ணின் அம்மா வேறு என் கையைப் பிடித்தது நினைப்பில் இருந்தது. “நான் அங்க இல்லையே” என்று வாயில் வந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். அதுவரை அவர் அழுததில்லை. அன்றைக்கு அழுதார். மறுநாள் ஜட்ஜ் முன்னால், “சிவப்புலதாங்க வந்திருக்கேன் போல” என்று சொல்லியிருக்கிறார். போல என்ற வார்த்தையை அவர்கள் எழுதிக்கொள்ளவில்லை என்று வக்கீல் சொன்னார்.

மேல் கோர்ட்டுக்குப் போகலாமா என்று கேட்டேன். “அவரே வேணாங்கறாரும்மா” என்கிறார் வக்கீல். மாமா சிறை டாக்டரிடம் போய், தன் கண்ணைச் சோதிக்கச் சொல்லிக் கெஞ்சினாராம். சோதித்தார்கள். நிறம் எல்லாம் சரியாகத் தெரிகிறது என்றார்களாம். அதையும் நம்பவில்லை. தட்டில் உள்ள காய் என்ன நிறம் என்று பக்கத்தில் இருப்பவனைக் கேட்டுவிட்டுத்தான் கையை வைக்கிறாராம்.

உன்னைச் சபிக்க முடியவில்லை. நானும் அதே பதிலைத்தான் அவருக்குச் சொன்னேன். ஆனால் உன் முகத்தில் விழிக்கவும் முடியாது.

கோர்ட்டுக்கு இனி நீ தேவையில்லை. எனக்கும் தேவையில்லை. அவருக்குத் தேவை. ஞாயிற்றுக்கிழமை பார்வை நேரம் உண்டு. போய்க் கண்ணாடிக்கு எதிரே உட்கார்ந்து, என்ன நிறம் தெரிந்தது என்று அவரிடம் சொல். தேன், தராசு, கிரேக்கம் எதையும் சொல்லாதே. நிறத்தை மட்டும் சொல்.

போகும்போதும் சரி, வரும்போதும் சரி, என் வீட்டுப் பக்கம் வராதே.

அக்கா