நாலு விரல் இறக்கம்

2-8-87, ஞாயிறு

காலையில் மழை, பத்து மணிக்கு மேல் வெயில். கார் கழுவினேன். தனியாக.

இரண்டு வருஷமாக ஞாயிறு என்றால் சேகர் வந்துவிடுவான். அசாம் ஜாவா டவுனில் கார்ப் பட்டறை மெக்கானிக். என் ஒரே கூட்டாளி. லயத்தில், எங்கள் வரிசை வீட்டு வாசலில், காருக்கு அடியில் இரண்டு பேரும் படுத்துக் கிடப்போம். என் தங்கை மல்லிகா தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பாள். தேத்தண்ணி! அடியில் கிடந்த மடையன் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. போன மாதம் அவன் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். அப்பாவுக்குச் சந்தோஷம். அம்மாவுக்குச் சந்தோஷம். மல்லிகா அழுதாள், அதுவும் சந்தோஷம்தானாம்.

அவன் வந்தது காருக்காக இல்லை. எனக்காகவும் இல்லை.

கல்யாணம் 30ஆம் தேதி, எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில். மாப்பிள்ளையைப் போய் அழைத்து வர வேண்டியது பெண்ணின் அண்ணன். அதாவது நான். அப்பா சொல்லிவிட்டார்: "ஒன் காரு இருக்கையில வாடக காரா? தோட்டமே சிரிக்கும்."

சரி, அழைத்து வருகிறேன். ஆனால் காரைப் பார்த்து அவன் வாயடைத்துப் போக வேண்டும்.

5-8, புதன்

வெயில். மில் ஸ்டோரில் வேலை குறைவு. சாமான் கணக்கு அட்டையின் பின்பக்கம் எழுதிப் பார்த்தது:

காயிலோவர் — ஸ்பிரிங்கும் ஷாக் அப்சோபரும் ஒரே உருப்படி. மரையைத் திருகினால் கார் ஏறும், இறங்கும். ரோட்டுக்குத் தக்கபடி வைத்துக்கொள்ளலாம். இந்தப் பக்கம் எவனிடமும் கிடையாது. பந்தயக் காரிலிருந்து கழற்றிய செட் ஒன்று சே.யின் (பேரை முழுசாக எழுத மனமில்லை) பட்டறையில் சாக்கில் கிடக்கிறது.

லோ ஸ்பிரிங் — கட்டை ஸ்பிரிங். மாட்டினால் நாலு விரல் இறங்கும். இறங்கினது இறங்கினதுதான். கிள்ளானில் கிடைக்கும், அங்கேயே மாட்டித் தருவான்.

இரண்டு வருஷமாகப் பேசியது காயிலோவர். "நம்ம காருக்கு அதுதான் லா சரி" என்பான் சே. நம்ம காராம். லைசென்ஸ் என் பேரில், ரோட் டேக்ஸ் என் பேரில்.

காயிலோவருக்கு எதிராக ஒரே காரணம்: சே. சொன்னது. அது போதும்.

9-8, ஞாயிறு

கிள்ளான். நாலு ஸ்பிரிங்கும் மாட்டியாச்சு. சிவப்புப் பெயின்ட்.

கிளம்பும்போதே அம்மா: "ஆடியில புதுச் சாமான் பூட்டாதடா. ஒரு வாரம் பொறுத்துக்க." பொறுக்கவில்லை. அவளுக்கு மருமகன் வருகிற அவசரம், எனக்கு என் அவசரம்.

கார் பிரமாதம். டயருக்கும் மட்காட்டுக்கும் நடுவில் இரண்டு விரல்கூட நுழையாது. தோட்டத்து கேட் மேட்டில் சோதித்தேன். கேட்டுக்குக் கீழே கால்வாய் பைப் போகிறது, செம்பனைக் குலை ஏற்றும் லோரி நசுக்காமலிருக்க அதன்மேல் மண் கொட்டி மேடாக்கியிருக்கிறார்கள். கொஞ்சம் சாய்த்து, மெதுவாக ஏற்றினேன். தட்டவில்லை. உச்சியில் நிறுத்திக் குனிந்து பார்த்தேன். ஒரு தீப்பெட்டியை நிமிர்த்தி வைக்கலாம். தாராளம்.

வீட்டில் மல்லிகா பார்த்துவிட்டு, "அவரு பாத்தா என்னா சொல்வாரோ" என்றாள்.

அவரு! போன மாதம்வரை சேகரண்ணன்.

15-8, சனி

கோலா சிலாங்கூர். பெட்ரோல் போட நின்றேன், எதிரில் சே. தப்பிக்க வழியில்லை. நேராகக் காரிடம்தான் வந்தான். உட்கார்ந்து அடியில் பார்த்தான்.

"கட்ட ஸ்பிரிங்கா போட்ட?"

"கண்ணு தெரியுதுல்ல."

"ஒனக்குன்னு செட்ட எடுத்து வச்சிருக்கேன் லா. ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

"நீ கேட்டியா, ஒரு வார்த்த?"

முகம் சுருங்கியது. நல்லா வேணும். பிறகு டயரையே பார்த்துக்கொண்டு சொன்னான்: "ஆளு ஏறுனா கேட்டுல தட்டும், மச்சான்."

மச்சான்! நாக்குக் கூசவில்லை. டேய் என்று கூப்பிட்டவன்.

"நீ மாப்பிள்ள. பின்னால ஒக்காந்து வா. ஓட்டுறவன் நானு."

வயிற்றெரிச்சல். வேறென்ன?

23-8, ஞாயிறு

மூன்று நாளாக மழை. ரோட்டில் லோரி போட்ட பள்ளம் இன்னும் ஆழம்.

வேலைகள்: பந்தல் கால் (முடிந்தது). வாழை மரம் இரண்டு. மேஸ்திரி மண்டோரிடம் நாற்காலி கேட்க வேண்டும். கார் பாலிஷ். முடி வெட்ட வேண்டும்.

அப்பா சொன்னார், மாப்பிள்ளை காரில் சே., அவன் தாய்மாமன், மாப்பிள்ளைத் தோழன், தோழனின் அண்ணன். கூடவே சீர்த் தட்டெல்லாம். அந்தத் தாய்மாமன் ஒருவரே இரண்டு ஆள் கணக்கு.

லயத்தில் நாலு பேரை ஏற்றிக் கேட் மேட்டில் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாமா என்று யோசித்தேன். பார்த்தால் சே. பேச்சைக் கேட்டதாகிவிடும். வேண்டாம்.

29-8, சனி

காருக்கு ரிப்பன், பானெட்டில் ரோஜா. மல்லிகா கையில் மருதாணியோடு வந்து நின்றாள்.

"அண்ணே, நாளைக்கு அவருகிட்ட மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதண்ணே."

"ரெண்டு வருஷம் என் கண்ணுல மண்ணத் தூவுனீங்கல்ல."

"எங்கிட்ட அவரு பேசுனதே ஏழெட்டுத் தடவதான். அவரு காருக்குத்தாண்ணே வந்தாரு. நான்தான்..." முடிக்கவில்லை, உள்ளே போய்விட்டாள்.

நம்பவில்லை. கல்யாணப் பெண் எதையும் சொல்வாள்.

30-8, ஞாயிறு

நல்ல வெயில். எழுதாமல் விட்டால் நல்லது. எழுதுகிறேன்.

ஆறரைக்கு அசாம் ஜாவா. அவனுக்கு மாலை போட்டேன், மோதிரம் போட்டேன், முகத்தைப் பார்க்கவில்லை. நாலு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம். ஏறினார்கள். பின்னால் சாமான் வைக்கும் பூட்டில் தேங்காய், பழம், சேலைத் தட்டு. கார் அப்படியே உட்கார்ந்துவிட்டது. வழியெல்லாம் டயர் உரசும் சத்தம். கண்ணாடியில் சே. முகம். அவனுக்கு எல்லாம் கேட்கிறது, வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் ரோட்டிலேயே இறக்கிவிட்டிருப்பேன்.

கேட். அந்தப் பக்கம் மேளக்காரர்கள், அப்பா, லயத்து ஜனம் மொத்தமும். சாய்த்து ஏற்றினேன். உச்சியில் டங் என்று ஒரு சத்தம். கார் வயிறு பட மேட்டில் குந்திவிட்டது. பின்சக்கரம் சும்மா சுற்றியது, மண் பறந்தது. மேளம் நின்றது.

தாய்மாமன் கத்தினார்: "என்னாய்யா இது? மாப்பிள்ளய எறங்கித் தள்ளச் சொல்றீங்களா? இதான் பொண்ணு வீட்டு மரியாதயா? டேய் சேகரு, வாடா வீட்டுக்கு. இந்தச் சம்பந்தமே வேணாம்."

அப்பா ஓடி வருகிறார், துண்டு கீழே விழுந்தது தெரியவில்லை. கோயில் வாசலில் அம்மா. மல்லிகா உள்ளே. என் கை ஸ்டியரிங்கை விட்டு வரவில்லை. என் வீம்பால் தங்கை கல்யாணம் நின்றது என்றுதான் நினைத்தேன்.

பின்கதவு திறந்தது. சே. செருப்பைக் கழற்றிக் காரிலேயே போட்டுவிட்டு இறங்கினான்.

"மாமா, சத்தம் போடாதீங்க. நான்தான் இங்க நிப்பாட்டச் சொன்னேன். கேட்டுலேருந்து அம்மன்கிட்ட நடந்தே வர்றேன்னு வேண்டுதல். மச்சானுக்குத் தெரியும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆமா" என்றேன்.

மேளம் மறுபடி ஆரம்பித்தது. பட்டு வேட்டியும் மாலையுமாக மண் ரோட்டில் வெறுங்காலோடு நடந்தான். பக்தியுள்ள மாப்பிள்ளை கிடைத்தார் என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்தியாம்! தைப்பூசத்துக்கு என்னோடு வந்து காருக்குள் படுத்துத் தூங்குகிறவன். வேண்டுதலும் கிடையாது, ஒன்றும் கிடையாது. அது அவனுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

எல்லாரும் இறங்கியதும் கார் எழும்பி, தள்ளாமலே மேட்டைத் தாண்டியது.

தாலி கட்டியாச்சு. எல்லாம் நல்லபடி. அவன் என்னைத் திட்டியிருக்கலாம், நாலு அறை விட்டிருக்கலாம். வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்திருப்பேன். இதை என்ன செய்வது? எரிகிறது. விருந்தில் உட்காரவில்லை, மோர் மட்டும் குடித்தேன்.

6-9, ஞாயிறு

மூட்டம். கேட் மேட்டில் அடிபட்ட எக்சோஸ் பைப்பைக் கம்பி வைத்துக் கட்டியிருக்கிறேன்.

மாப்பிள்ளை விருந்து. பத்து மணிக்கு இரண்டு பேரும் வந்தார்கள். மல்லிகா கையில் பழம். சே. தோளில் பட்டறையில் கிடந்த அந்தச் சாக்கு. வாசலில் இறக்கினான், இரும்புச் சத்தம். வீட்டுக்குள் போகவில்லை. புதுச் சட்டையைக் கழற்றித் துணிக்கொடியில் போட்டான், என் ஜாக்கியை எடுத்தான். என்னைக் கேட்கவில்லை. பேச்சு வார்த்தை இன்னும் கிடையாது.

அம்மா: "மாப்பிள்ள, பசியாற வாங்க."

"இந்தா வர்றேன், அத்த."

வரவில்லை. சிவப்பு ஸ்பிரிங் ஒவ்வொன்றாக வெளியே வந்து விழுந்தது. மல்லிகா கூப்பிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள். மூன்றாம் தடவை கோபமாக. கல்யாணமாகி ஒரு வாரம், புதுச் சேலையில் நிற்கிறாள். காருக்கு அடியிலிருந்து பதில்:

"இரு லா. நம்ம காரு ஒரு பக்கமா நிக்கிது."

தோசை ஆறிப்போயிற்று. மல்லிகா தேத்தண்ணியைக் கொண்டுவந்து பழைய இடத்திலேயே வைத்தாள். என்னைப் பார்த்தாள். நான் பால் வெட்டிய கித்தா மரத்தைப் பார்த்தேன்.

அடியிலிருந்து கை மட்டும் வெளியே வந்தது, கிரீஸோடு. நான் போட்ட மோதிரம் இருந்தது.

"பதினேழு."

ஸ்பானரை எடுத்துக் கொடுத்தேன்.