ரபியாவின் கால்கள்

மாம்புரி
12.05.2013

அன்பின் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகமாக இருக்கிறோம் என்று எழுத மனம் வரவில்லை. போனில் பேசினால், தம்பியோடு பேச வேண்டும் என்று உங்கள் ராத்தா பக்கத்திலேயே நிற்கிறார். அதனால் கட்டாருக்குத் திரும்பும் பாறூக்கிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். பதிலை அவர் மனைவி பெயருக்கு அனுப்புங்கள்.

நம் மகள் ரபியாவின் கால்கள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஓரிடத்தில் நிற்பதில்லை. "உம்மா, காலுக்குள்ள எறும்பு ஊருது, நடந்தா மட்டும்தான் போகுது" என்று அழுகிறாள். மதரஸாவில் சம்மணம் போட்டு உட்கார முடியாமல் எழும்பி எழும்பி ஓடுகிறாளாம். எட்டு வயதுப் பிள்ளை. தூங்கட்டும் என்று ராத்தா சளிக்குக் கொடுக்கும் பிரிட்டோன் பாணி கொடுத்தார். கொடுத்த நாட்களில் இன்னும் மோசம்.

மஃரிப் நேரம், பொழுது சாயும்போது, கடற்கரையில் விளையாடி ஜின் பிடித்துவிட்டது என்கிறார் ராத்தா. வண்ணாத்திவில்லில் இருந்து ஓதிப் பார்க்கும் ஒருவரை, வரும் மாதம் பராத் இரவுக்கு முந்திய வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். அவர் ஓதுவதோடு விடமாட்டாராம், காலில் பிரம்பால் அடிப்பாராம். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் கேட்பார்.

உங்கள்
அக்கீலா

தோஹா
24.05.2013

அன்பின் அக்கீலா,

வஅலைக்குமுஸ்ஸலாம். உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். ஆனாலும் யோசித்துப் பார். உம்மா மௌத்தான பிறகு என்னை வளர்த்தவர் ராத்தா. என் பிள்ளைக்குக் கெடுதல் நினைப்பாரா? ஓதிப் பார்க்கட்டும். அடி மெதுவாகத்தான் இருக்கும். நீ தேங்காய் விழுந்தாலே ஓடுகிறவள், உன் பயம் பிள்ளைக்கும் தொற்றிவிடும்.

எனக்கு இங்கே கிரேன் வேலைதான். வேலை முடிந்து மற்றவர்கள் படம் பார்க்கும்போது நான் கேம்பைச் சுற்றி நடக்கிறேன். அறைக்காரர்கள் என்னை இரவுக் காவல் பார்க்கும் 'வாச்சர்' என்று கேலி செய்கிறார்கள்.

றஸீன்

மாம்புரி
05.06.2013

அன்பின் மச்சானுக்கு,

மெதுவாக அடிப்பாராம்! பெற்ற வாப்பா எழுதுகிற எழுத்தா இது?

துணி எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு ரபியாவைப் புத்தளத்தில் ஒரு டொக்டரிடம் காட்டினேன். இது கால்கள் ஓய விடாத ஒரு நோயாம், பல குடும்பங்களில் பரம்பரையாக வருமாம். இரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்தால் கூடுமாம். அதற்கு மருந்து தந்தார், பிரிட்டோன் பாணியை நிறுத்தச் சொன்னார். பிறகு, "தாய்க்கோ தகப்பனுக்கோ இப்படி இருக்கா?" என்று கேட்டார். மரபணுக்கள் வழியாக வருவதாம், பெற்றவர்களில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கும் வர நிறைய வாய்ப்பு உண்டாம்.

என் பக்கம் யாருக்கும் இல்லை. 'வாச்சர்' என்று எழுதியிருந்தீர்களே, வீட்டுக்கு வந்து அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். கல்யாணம் முடிந்து எங்கள் வீட்டு ராச்சாப்பாட்டுக்கு வந்தபோது நீங்கள் மட்டும் நின்றுகொண்டே சாப்பிட்டீர்கள். என்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்து அன்றைக்கு அழுதேன்.

உங்களுக்கும் இருக்கிறது என்றால் ராத்தாவுக்குச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை நெருங்குகிறது. ரபியா பிரம்பைப் பற்றிக் கேள்விப்பட்டுவிட்டாள். கால் ஊரும்போது வாயைப் பொத்திக்கொண்டு பொறுக்கப் பார்க்கிறாள்.

அக்கீலா

தோஹா
13.06.2013

அன்பின் அக்கீலா,

ஓம், எனக்கும் இருக்கிறது. சின்ன வயதிலிருந்தே. கம்பனியின் மெடிக்கல் பரிசோதனை வருகிறது. கிரேன்காரனுக்குக் கால் வருத்தம் என்று தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அதைவிட, ராத்தா என்னையும் ஜின் பிடித்தவன் என்பாரோ என்று பயம். முப்பத்தெட்டு வயது ஆம்பிளை ராத்தாவுக்குப் பயப்படுகிறேன், நீ சிரிப்பாய். ராத்தாவிடம் போனில் சொல்லப் போய், சுகம் மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். கீழே உள்ளதை அவருக்கு வாசித்துக் காட்டு.

ராத்தா, ரபியாவின் காலில் இருப்பது என்னிடமிருந்து வந்தது. அடிப்பதென்றால் நான் வந்த பிறகு முதலில் என்னை அடிக்கச் சொல்லுங்கள்.

றஸீன்

மாம்புரி
22.06.2013

அன்பின் மச்சானுக்கு,

நேற்றுத்தான் உங்கள் கடிதம் கிடைத்தது. அப்போது அந்த ஆள் வந்து முன் விறாந்தையில் கதிரையில் உட்கார்ந்திருந்தார், பிரம்பு மடியில். ரபியா என் சட்டையை விடவில்லை. ராத்தாவைக் குசினிக்குக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். வாசித்து முடித்ததும் பாவாடையைக் கெண்டைக்கால் வரை தூக்கினார். பழைய தழும்புகள், குறுக்கும் நெடுக்குமாக.

"மன்னார்ல இருக்கக்குள்ள எனக்கு அடிச்சாங்க, ரபியாட வயசுல. அடி நிக்கட்டும் எண்டு, ஜின் போயிட்டு எண்டு பொய் சொன்னேன். அதாலதான் அது போகல்ல அக்கீலா. என்னட்ட இருந்து தம்பியில ஏறி, இப்ப புள்ளையில ஏறிட்டு எண்டுதான் பயந்தேன்."

ரபியா பிறந்ததிலிருந்து அவர் அவளை மடியில் வைத்ததில்லை. பிள்ளை மேல் ஆசையில்லாத மனிசி என்று நானும் நினைத்திருந்தேன். ஒருவரைவிட்டு ஒருவரில் ஏறுவதில்லை, உங்களைப் பெற்றவர்களிடமிருந்து இருவருக்கும் வந்திருக்கும் என்று டொக்டர் சொன்னதை வைத்து விளக்கினேன். "அப்ப நான் தொட்டா வராதா?" என்று கேட்டார். வராது என்றேன். அங்கேயே குந்தி அழுதார்.

வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார். பிரம்பை மட்டும் வாங்கி அடுப்பில் வைத்தார்.

மெடிக்கலைப் பற்றிப் பயப்படாதீர்கள் என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை. நானும் பயந்துதான் இருக்கிறேன். மருந்து எவ்வளவுக்குக் கேட்கும் என்றும் தெரியாது. ஆனால் அவர்கள் அனுப்பினால் வெட்கப்படாமல் வீட்டுக்கு வாருங்கள். இன்றைக்கு அஸருக்குப் பிறகு ராத்தா ரபியாவின் கையைப் பிடித்துக்கொண்டு கடற்கரைக்கு நடக்கப் போனார். மஃரிப் பாங்கு சொல்லியாகிவிட்டது, இருவரும் இன்னும் நடக்கிறார்கள்.

உங்கள்
அக்கீலா