இரண்டாக அறுத்த இர்மா ஜீன்

அன்புள்ள கோரலீ கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நலம், பூனையும் நலம். போன சனிக்கிழமை உடுத்தியிருந்த துணியோடு ஆற்றில் விழுந்தும் எனக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை, அதனால் யாராவது முந்திக்கொண்டு உனக்கு ஃபோன் போட்டு உங்கம்மா முங்கிப்போனாள் என்று சொன்னால் நம்பாதே. அலாஸ்காவில் உன் உடம்பு எப்படி இருக்கிறது, நீ பாடம் நடத்துகிற பள்ளிக்கூடம் திறந்தாயிற்றா, நான் அனுப்பிய கம்பளிக் காலுறையைப் போடுகிறாயா இல்லை அலமாரியில் மடித்து வைத்திருக்கிறாயா. மடித்துத்தான் வைத்திருப்பாய், எனக்குத் தெரியாதா.

உன் வெர்ஜில் மாமாவுக்கும் அப்பாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பது மட்டும்தான் உனக்குத் தெரியும், ஏன் என்று ஃபோனில் சொல்ல முடியவில்லை, நான் பேசும்போதெல்லாம் அப்பா பக்கத்திலேயே நின்று துடைத்த தட்டையே துடைத்துக்கொண்டிருப்பார். எல்லாம் போன வருஷத்து நீராவிப் படகுத் திருவிழாவில் வந்த வினை. அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து கட்டிய படகு உனக்கு நினைவிருக்கும், பின்னால் துடுப்புச் சக்கரம் சுற்றுமே, நாலு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆள் யார் மடியிலாவதுதான் உட்கார வேண்டும், அதற்கு என் பெயரை வைத்து இர்மா ஜீன் என்று பலகையும் மாட்டியிருந்தார்கள். திருவிழாவில் கொதிகலனிலிருந்து ஒரு குழாயை வாளிக்குள் விட்டு நீராவியிலேயே சோளம் வேகவைப்பது எல்லாப் படகிலும் உள்ள பழக்கம்தான், ஆனால் அது படகைக் கரையில் கட்டிய பிறகு செய்கிற வேலை. உன் மாமாவுக்குப் பொறுமை ஏது, அணிவகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே குழாயைத் திறந்துவிட்டான். சோளம் பிரமாதமாக வெந்தது, நீராவி தீர்ந்து சக்கரம் நின்றுபோயிற்று. ஆறு எங்கள் மூன்று பேரையும் அப்படியே பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போய்ப் படகுத்துறையில் மோத வைத்தது, அங்கே போட்டிக்கு வைத்திருந்த கேக் மேசை அப்படியே தண்ணீருக்குள் சரிந்தது, வாத்துகளுக்கு அன்றைக்கு நல்ல வேட்டை. சோளம் திங்க வந்தவனுக்குப் படகு எதுக்குடா, அடுப்பு போதாதா என்று அப்பா கத்த, நெருப்ப ஒழுங்காப் போட்டிருந்தா நாலு சோளத்துக்கா மச்சான் உன் கொதிகலன் இப்படி மூச்சு வாங்கும் என்று மாமா கத்த, நான் மடியில் வாளியை வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாளே நம் கராஜில் பாகப்பிரிவினை. அப்பா குழாய் வேலைக்காரர், அதனால் கொதிகலனும் இயந்திரமும் அவருக்கு. மாமா தச்சன், அதனால் படகின் உடம்பும் சக்கரமும் அவனுக்கு. மிச்சம் பெயர்ப் பலகை ஒன்றுதான், அதையும் விடவில்லை, மாமா ரம்பத்தை வைத்து ஓர் எழுத்துக்கும் சேதாரம் இல்லாமல் நடுவே அறுத்து, இர்மா அப்பாவுக்கு, ஜீன் தனக்கு என்று எடுத்துக்கொண்டு போய்விட்டான். என்னை ஒரு வார்த்தை கேட்டார்களா? நான் எலுமிச்சம்பழச் சாறு தட்டோடு அங்கேயேதான் நின்றேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு டம்ளர் எடுத்துக் குடித்தார்கள், அதோடு சரி.

அன்றைக்குப் போனவன்தான், ஒரு வருஷமாக என் தம்பி நம் வீட்டு வாசற்படி ஏறவில்லை. உன் லூசில் அத்தை காலமான பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அவன் நம் மேசையில் சாப்பிடாமல் இருந்ததில்லை. சர்க்கரை வியாதிக்காரன், தனியாக உட்கார்ந்து தகரடப்பா பீன்ஸைச் சூடுகூடப் பண்ணாமல் தின்கிறான் என்று கேள்விப்பட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு வான்கோழி இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று இரண்டு தடவை சமைத்தேன், இரண்டு இடத்திலும் பாதி மீந்தது. எங்கள் அப்பா அம்மா போன பிறகு எனக்கு என்று இருப்பது அவன் ஒருத்தன்தானே. இரண்டு பேரிடமும் கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். அவன வந்து மன்னிப்புக் கேக்கச் சொல்லு என்று இவர், அவர வந்து சோளத்துக்கிட்ட மன்னிப்புக் கேக்கச் சொல்லுக்கா என்று அவன். இப்படிப்பட்ட வீம்புக்காரர்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன், சொல்.

சரி, ஆளுக்குப் பாதிப் படகோடு சும்மா இருந்தார்களா என்றால் அதுவும் இல்லை. அப்பா ஒரு பழைய மிதவை மேடையை வாங்கி வந்து அதன்மேல் கொதிகலனையும் இயந்திரத்தையும் ஏற்றினார். சக்கரம் செய்ய மரம் இழைக்க அவருக்குத் தெரியாது, அதனால் என் ரொட்டித் தட்டுகள் எட்டையும் அடுப்படியிலிருந்து தூக்கிக்கொண்டு போய்த் துடுப்பாக மாட்டிவிட்டார். ஆற்றில் விட்டு ஒரு சுற்று சுற்றுவதற்குள் எட்டும் கரண்டி மாதிரி வளைந்து, தண்ணீரை அள்ளி அவர் முதுகிலேயே ஊற்றின. அதோடு சக்கரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, மேடையைக் கரையில் கட்டிப்போட்டு, தினமும் நெருப்புப் போட்டு இயந்திரத்தை ஓட விட்டு, தொப்பி வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். எங்கேயும் போகமாட்டார். சாயங்காலம் வந்து இன்னைக்கு நல்லா ஓடிச்சு இர்மா என்பார். அந்தப் பக்கம் உன் மாமா தன் பாதிக்குள் சைக்கிள் பெடலை வைத்துச் சக்கரத்தைக் காலால் மிதித்தான், முழங்கால் இரண்டும் வீங்கிப்போயிற்று. அதுகூடப் பரவாயில்லை, அடுப்புக் குழாய் ஒன்றைப் புகைபோக்கி மாதிரி நட்டு, அடியில் ஈர இலையைக் கொளுத்திப் புகை காட்டினான், ஊதலுக்கு ஒரு டீக் கெட்டில். கரையில் போகிறவர்கள் கை காட்டினால் மூச்சு இரைக்க இரைக்க ராஜா மாதிரி தலையாட்டுவான். இந்த இரண்டு பேரில் ஒருத்தரை நான் கட்டிக்கொண்டேன், இன்னொருத்தரோடு பிறந்தேன், என் ஜாதகம் அப்படி.

இந்த வருஷத் திருவிழாவுக்கு இரண்டு பேரும் தனித்தனியாகப் பெயர் கொடுத்தார்கள். படகுச் சங்கத் தலைவர் ஹார்லன் ஸ்டப்ஸ் இருக்கிறாரே, மீசையை மெழுகு போட்டு முறுக்கியிருப்பாரே, அவர் இரண்டு பேரையும் துறையில் நிற்க வைத்து, சங்கத்துல இர்மா ஜீன்னு ஒரே ஒரு படகுதான்யா பதிஞ்சிருக்கு, நெருப்பு இருக்கிறதுல சக்கரம் இல்ல, சக்கரம் இருக்கிறதுல நெருப்பு இல்ல, ரெண்டும் சேந்து வந்தா அணிவகுப்பு, இல்லன்னா ரெண்டு பேரும் கரையில நின்னு கை தட்டுங்க என்று சொல்லிவிட்டார். நாற்பது படகு புகை விட்டுக்கொண்டு நிற்கும்போது கரையில் நின்று கைதட்டுவதா, அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே மனசு. ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு பாதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கயிறு கட்டினார்கள், முன்பக்க முடிச்சு அப்பா போட்டது, பின்பக்க முடிச்சு மாமா போட்டது, ஒருத்தர் முடிச்சை ஒருத்தர் பார்த்து உதட்டைப் பிதுக்கிக்கொண்டார்கள். ஹார்லன் வீட்டுக் கதிரடிக்கும் இயந்திரத்தின் நீளமான தோல் பட்டையை இரவல் வாங்கி, இந்தப் பக்க இயந்திரத்திலிருந்து அந்தப் பக்கச் சக்கரத்துக்கு மாட்டினார்கள்.

யார் யாரிடம் என்ன சொல்வது, பேச்சுத்தான் இல்லையே, அதனால் நடுவில் நான். ஒரு கால் அப்பா மேடையில், ஒரு கால் மாமா படகில். இரண்டு பேருக்கும் நடுவே கை நீட்டினால் தொடுகிற தூரம்தான், ஆனாலும் இர்மா, உன் தம்பிகிட்ட சுக்கானைத் திருப்பச் சொல்லு என்பார் இவர். அக்கா, சுக்கான் திருப்பித்தான் இருக்குன்னு உன் வீட்டுக்காரர்கிட்டச் சொல்லு, நெருப்பு பத்தலையாம்னு சொல்லு என்பான் அவன். நான் சொல்வதற்குள் இவர் அதற்குப் பதில் சொல்லிவிடுவார், அதையும் என்னிடமே சொல்வார். சக்கரம் ஒரு ஓரத்தில் இருந்ததால் படகு நேராகப் போகாமல் நின்ற இடத்திலேயே வட்டம் போட்டது. முதல் வட்டத்தில் கரையில் எல்லோரும் கைதட்டினார்கள், அடுத்த வட்டத்தில் சிரித்தார்கள், அதற்கப்புறம் பாண்டு வாசிக்கிறவர்கள் எங்கள் சுற்றுக்குத் தகுந்த மாதிரி வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குத் தலை சுற்றிற்று. அப்போது பார்த்து முன்பக்க முடிச்சு நழுவிற்று, பின்பக்க முடிச்சும் நழுவிற்று, எது முதலில் என்று என்னைக் கேட்காதே. தோல் பட்டை பட்டென்று கழன்று தண்ணீரில் விழுந்தது, இரண்டு பாதியும் மெதுவாக விலக, என் கால்களும் கூடவே விலகின. இந்தக் கையை இவர் பிடித்துக்கொண்டார், அந்தக் கையை அவன் பிடித்துக்கொண்டான். இந்தப் பக்கம் வா இர்மா என்று இவர் இழுக்க, இங்க வாக்கா என்று அவன் இழுக்க, ஊரே பார்த்துக்கொண்டிருக்க, நான் துணி காயப்போட்ட கொடி மாதிரி நின்றேன். அடுத்த நிமிஷம் தொப்பென்று தண்ணீருக்குள்.

இரண்டு பேரும் என்னைக் காப்பாற்ற ஒரே சமயத்தில் குதித்தார்கள். அங்கே மணல் திட்டு, தண்ணீர் இடுப்பளவுதான், மூன்று பேரும் எழுந்து நின்று பார்த்தால் அப்பா மேடை ஆளில்லாமல் ஆற்றோட்டத்தில் போய்க்கொண்டிருக்கிறது. இழுக்க எதுவும் இல்லாததால் இயந்திரம் தறிகெட்டுச் சுழல்கிறது, கொதிகலன் மேலே இருக்கிற பாதுகாப்பு வால்வு வீல் வீலென்று கத்துகிறது. உன் அப்பா வாயைத் திறந்தார். டேய் வெர்ஜில், ஓடுடா, நெருப்ப வெளிய தள்ளு என்றார். நான் தள்ளுறேன், நீ மொதல்ல நீராவிய மூடு மச்சான் என்றான் அவன். ஒரு வருஷம் கழித்து அதுதான் முதல் பேச்சு. இரண்டு பேரும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஓடினார்கள், அவனுடைய வீங்கின முழங்காலுக்கு எங்கிருந்து அந்த வேகம் வந்ததோ. யாரைக் காப்பாற்றக் குதித்தோம் என்பது இரண்டு பேருக்கும் மறந்துபோயிற்று. நான் தனியாக நடந்து கரை ஏறினேன், ஹார்லன் தன் கோட்டைக் கழற்றி என் தோளில் போட்டார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. மாமா வந்தான் கண்ணு. முன் வாசலில் தயங்கி நிற்கவில்லை, பழையபடி அடுப்படிக் கதவு வழியாக உள்ளே வந்து சட்டி மூடியைத் திறந்து பார்த்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெங்காயம் நறுக்குகிற மாதிரி திரும்பிக்கொண்டேன். சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் ஆரம்பித்தது சண்டை. நீதான்டா மொதல்ல அவ கைய விட்ட என்று அப்பா, நீதான் மச்சான் விட்ட, என் அக்காவ நான் விடுவனா என்று மாமா, என் பொண்டாட்டிய நான் விடுவனா என்று மறுபடி அப்பா, மேசையில் குத்துகிற குத்தில் உப்பு ஜாடி உருண்டது. கறியை மூன்று தடவை போட்டுக்கொண்டு, சாயங்காலம் வரைக்கும் கத்திவிட்டு, அடுத்த வாரமும் வந்து இந்த விஷயத்தைப் பேசி முடிக்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனான். வீட்டில் இப்படிச் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று. எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.

நீ நன்றாக இரு, கடவுள் உன்னைக் குளிரிலிருந்தும் கரடியிடமிருந்தும் காப்பாற்றட்டும், உனக்கு ஒரு நல்ல துணை அமையட்டும், படகு கட்டாதவனாக அமையட்டும். கிறிஸ்துமஸுக்கு வா, ஒரே வான்கோழிதான் சமைக்கப் போகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு, அப்பாவிடமோ மாமாவிடமோ மூச்சு விடாதே. ஏனென்றால் அவர்கள் இரண்டு பேருமே என் கையை விடவில்லை. கெட்டியாகத்தான் பிடித்திருந்தார்கள், இன்னும் மணிக்கட்டில் நீலம் இருக்கிறது. நான்தான் இரண்டு கையையும் உதறிக்கொண்டு குதித்தேன்.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா,
இர்மா ஜீன்