நொண்டச் சொன்னேன், தனம்

என் தனத்துக்கு,

கொள்ளிடத்துப் பழைய இரும்புப் பாலம் வெள்ளத்தில் உடைந்து விழுந்ததே, அந்த வருஷம்தான் நீ போனாய். ஊரே பாலத்தைப் பார்க்க ஓடியது. நான் ஆஸ்பத்திரியில் உன் கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு எழுத்துதான் ஏறவில்லை, ஆனால் எதுவும் மறக்கவில்லை. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது நம் மகள் கலா.

அன்றைக்கு அவளை டீ வாங்க அனுப்பிவிட்டு, உன் அம்மாவையும் தம்பியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னிடம் சத்தியம் வாங்கினாய். “கலாவுக்கு இடது கால் குட்டைங்கறதை எந்தக் காகிதத்துலயும் எழுத விடக் கூடாது. எழுதிட்டா அப்புறம் எவன் கட்டுவான்?” நானும் கையில் அடித்துக் கொடுத்தேன்.

அந்தச் சத்தியத்தை மீறிவிட்டேன் தனம்.

அரசாங்கப் பரீட்சை இரண்டு தடவை எழுதினாள். இரண்டு தடவையும் கொஞ்சத்தில் போயிற்று. மாற்றுத்திறனாளிகளுக்குத் தனி இடம் உண்டாம். சான்றிதழ் வாங்கி, விண்ணப்பத்தில் குறிக்க வேண்டுமாம். மூன்றாவது தடவை எழுதும் முன், வாங்கட்டுமா என்று என்னைக் கேட்டாள். அம்மாவுக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன் என்று முறுக்கிக்கொண்டேன். அதற்கு என்ன சொன்னாள் தெரியுமா?

“சத்தியம் பண்ணது நீங்க. பஸ் படியில ஏறுறது நானு.”

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டரம்மா நடக்கச் சொன்னார். நம்ம பிள்ளை எழுந்து, இடது முன்பாதத்தை ஊன்றி, இடுப்பை நிமிர்த்தி, ஆடாமல் அசையாமல் நடந்தாள் பார்! பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் காபித் தட்டோடு போக நீ வருஷக்கணக்கில் பழக்கிய அதே நடை. டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டு, “நல்லாத்தானே நடக்குறாங்க?” என்றார்.

சான்றிதழ் போச்சே என்று பதறி, “நொண்டுடி! நொண்டு தாயி!” என்று கத்திவிட்டேன். வரிசையில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நொண்டாதே, நொண்டாதே என்று உன்னோடு சேர்ந்து கத்திய அதே வாய்தான்.

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “ஐயா, அவங்க நொண்ட வேணாம். படுக்கச் சொல்லுங்க, டேப் வச்சு அளந்துக்குறேன்.”

டேப்புக்கு நீ பழக்கிய நடை தெரியாதே. உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டது, சான்றிதழும் கிடைத்தது.

இப்போது கலா திருவெறும்பூர் பக்கம் ஒரு அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். மாடியில் இடம் போட்டார்கள். எழுதிக் கொடுத்து மேஜையைக் கீழே இறக்க வைத்தாள். முதல் நாள், புடவையைத் தரை தொட இழுத்துவிடு என்றேன், உன் பழக்கத்தில். “போங்கப்பா, தடுக்குது” என்று கணுக்காலுக்கு மேலே தூக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

நீ பயந்தாயே, இப்போது தரகர் இரண்டு ஜாதகத்தோடு வாசலில் நிற்கிறார். “ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுங்க. நான் என் நடைதான் நடப்பேன். காபியை அவங்களே வந்து எடுத்துக்கட்டும்” என்கிறாள். இதை எழுதும்போதே சிரிக்கிறாள், கழுதை.

காலையில் பஸ்ஸுக்கு அவள் போவதை அங்கிருந்து பார்க்கிறாயா? தோள்பை ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம் ஆட, என்ன வேகம்! உனக்குக் கோபமா?

இனி எவன் வந்தாலும் அவளை நேராக நடக்கச் சொல்ல மாட்டேன். இது நான் உனக்குப் பண்ணும் புதுச் சத்தியம். பழையதைப் பண்ணும்போது அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் நாலு பேர். முதலில் நீ போனாய், அப்புறம் உன் அம்மா, போன தை மாசம் உன் தம்பி. திட்டுவதென்றால் மிச்சம் இருக்கிற ஒரே ஆளைத் திட்டு:

உன் வீட்டுக்காரன்,
பிச்சைமுத்து